கேலரிக்குக் கீழே ஓர் அணு உலை

பழைய மைதானங்களின் கேலரிக்கு அடியில் ரகசிய அறைகள் இருந்ததாகக் கதை கேட்டிருக்கிறேன். நிஜமாகவே பெரிய ரகசியம் ஒளிந்திருந்த மைதானம் உண்டா?
(வாசகர், கும்பகோணம்)

உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தின் பழைய ஸ்டாக் ஃபீல்ட் மைதானம். உலகின் முதல் அணு உலை அதன் மேற்குக் கேலரிக்கு அடியில்தான் இருந்தது. 1942 டிசம்பர் 2, பிற்பகல் 3.25 மணிக்கு, மனிதன் கட்டிய ஓர் அமைப்பில் அணுப் பிளவின் தொடர்வினை (ஓர் அணு பிளந்து வெளிவரும் நியூட்ரான் துகள்கள் அடுத்த அணுக்களைப் பிளந்துகொண்டே போவது) முதன்முறையாகத் தன்னைத்தானே தாங்கி நின்றது அங்கேதான்.

மைதானமே அதுவரை அமெரிக்க ஃபுட்பாலுக்குப் பேர்போனது. 1892 முதல் 40 வருடங்கள் பயிற்சியாளராக இருந்த அமோஸ் அலோன்சோ ஸ்டாகின் பெயர்தான் அதற்கு. 1935இல் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான முதல் ஹெய்ஸ்மன் கோப்பையை வென்ற ஜே பெர்வாங்கர் இந்தப் பல்கலைக்கழகத்து ஆட்டக்காரர். ஆனால் படிப்புதான் முக்கியம் என்று நினைத்த பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் காலத்தில், 1939இல், ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டார்கள். கோட்டைச் சுவர் மாதிரி கட்டப்பட்ட கேலரி ஆளில்லாமல் கிடந்தது. அதன் கீழே 60 அடி நீளம், 30 அடி அகலம், 26 அடி உயரத்தில் ராக்கெட்ஸ் என்ற மட்டை விளையாட்டுக்கான ஒரு கோர்ட் இருந்தது. அதுதான் இடம்.

முதலில் இங்கே கட்டுவதாகவே இல்லை. ஊருக்கு வெளியே ஆர்கான் காட்டில் கட்டடம் எழுப்பத் திட்டம். கட்டட வேலைக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் அது தள்ளிப்போனது, போர்க்காலத்தில் காத்திருக்க முடியாது, அதனால் கேலரிக்குக் கீழேயே பாதுகாப்பாகச் செய்துவிடலாம் என்று இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி சொன்னார், சிகாகோவில் அணுகுண்டுத் திட்ட ஆய்வுக்குப் பொறுப்பிலிருந்த ஆர்தர் காம்ப்டன் ஒத்துக்கொண்டார்.

அணு உலை என்றால் பெரிய எந்திரம் ஆயிற்றே, ஒரு விளையாட்டு அறைக்குள் எப்படிக் கட்டினார்கள்?
(வாசகி, நெய்வேலி)

இதைக் கேட்டதற்கு நன்றி. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நோபல் பரிசு வாங்கிய ஃபெர்மியின் பெயர் எல்லோருக்கும் தெரியும், கட்டிகளைத் தூக்கியவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பார்வைக்கு அது எந்திரமே இல்லை, ஒரு குவியல். பென்சிலுக்குள் இருக்கிறதே கிராஃபைட், அதைச் செங்கல் போல அறுத்து, சிலவற்றில் துளை போட்டு யுரேனியத்தை வைத்து, அடுக்கு அடுக்காக ஏற்றிக்கொண்டே போனார்கள். சுமார் 45,000 கட்டிகள். நவம்பர் 16இல் ஆரம்பித்து டிசம்பர் 1 இரவுக்குள் 57 அடுக்குகள். பகல் ஷிஃப்ட்டுக்கு வால்டர் ஜின், இரவுக்கு ஹெர்பர்ட் ஆண்டர்சன். விஞ்ஞானிகளோடு சேர்ந்து கட்டி சுமந்தவர்கள், சிகாகோவின் இறைச்சிக்கூடங்களை ஒட்டிய பகுதியிலிருந்து வந்த சுமார் முப்பது பையன்கள். பள்ளிப்படிப்பை விட்டவர்கள், ராணுவ அழைப்புக்காகக் காத்திருந்தவர்கள். கிராஃபைட் தூள் ஒட்டி முகமும் கையும் கரி பிடித்தவர்கள் மாதிரி ஆகிவிடும், தரை வழுக்கும், மூச்சோடு தூள் உள்ளே போகும்.

குளிர் வேறு. கேலரிக்குக் கீழே சூடேற்றும் வசதி கிடையாது. ஆட்டக்காரர்களின் பழைய லாக்கர்களில் ரக்கூன் தோல் கோட்டுகள் கிடைத்தன, காவலர்கள் அவற்றைப் போட்டுக்கொண்டு நின்றார்கள் என்று அங்கே வேலை பார்த்த ஆல்பர்ட் வாட்டன்பர்க் பின்னாளில் சொல்லியிருக்கிறார். குவியலைச் சுற்றிக் கட்ட குட்இயர் கம்பெனியிடம் ஒரு சதுர பலூன் செய்து வாங்கியிருந்தார்கள். காற்றை வெளியேற்ற வேண்டி வந்தால் உதவும் என்று. அந்தத் தேவை வரவேயில்லை.

டிசம்பர் 1 இரவு ஆண்டர்சன் கடைசி அடுக்கை முடித்துவிட்டார். நியூட்ரான்களை விழுங்கி வினையைத் தடுத்து வைத்திருந்த தண்டை உருவினால் போதும், உலகின் முதல் தொடர்வினையை நடத்தியவர் அவராகியிருப்பார். ஃபெர்மிக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் தண்டுகளைப் பூட்டிவிட்டு வந்துவிட்டார். என்னால் முடிந்திருக்குமா என்று பலமுறை யோசித்திருக்கிறேன்.

கோடரியோடு ஒருவர் நின்றாராமே? அணு உலையை நிறுத்துவதற்கு ‘ஸ்க்ராம்’ என்ற சொல் அவரிடமிருந்துதான் வந்ததா?
(வாசகர், கல்பாக்கம்)

கோடரி உண்மை. நார்மன் ஹில்பெரி, மேலே தொங்கிய ஒரு தண்டின் கயிற்றுக்குப் பக்கத்தில் கோடரியோடு நின்றார். ஏதாவது கைமீறினால் கயிற்றை வெட்ட வேண்டும், தண்டு உள்ளே விழும், நியூட்ரான்களை விழுங்கிவிடும். குவியலின் உச்சியிலும், அதேபோல நியூட்ரான்களை விழுங்கும் காட்மியம் கரைசலோடு மூன்று பேர் தயாராக இருந்தார்கள்.

‘பாதுகாப்புக் கட்டுப்பாட்டுத் தண்டுக் கோடரிக்காரர்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் ஸ்க்ராம் என்பது மட்டும் பிற்பாடு ஒட்டிய விளக்கமாகத்தான் எனக்குப் படுகிறது. அந்தச் சொல்லுக்குப் பேச்சுவழக்கில் ஏற்கெனவே ‘ஓடிப் போ’ என்று பொருள் உண்டு. பொத்தானை அழுத்திய பிறகு என்ன செய்வது என்று யாரோ கேட்க, ‘இங்கிருந்து ஓட வேண்டியதுதான்’ என்று அந்தக் குழுவிலிருந்த இயற்பியலாளர் வால்னி வில்சன் சொன்னதாக இன்னொரு கதை இருக்கிறது. அதுதான் எனக்கு நம்பும்படி இருக்கிறது.

அப்புறம், அன்று காலை ஒரு தானியங்கித் தண்டு பெரிய சத்தத்தோடு உள்ளே விழுந்தது. அதன் வரம்பைக் கொஞ்சம் குறைவாக வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான். எல்லோரும் திடுக்கிட்டு நிற்க, ஃபெர்மி ‘பசிக்கிறது, சாப்பிடப் போகலாம்’ என்றார். உலகத்தின் முதல் அணு உலை மதியச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்தது.

ரஷ்ய உளவாளிகள் இதைப் ‘பூசணி வயல்’ என்று எழுதி அனுப்பினார்களாமே?
(வாசகர், திருநெல்வேலி)

ஸ்குவாஷ் ஒரு விளையாட்டின் பெயர், அதே சொல் ஆங்கிலத்தில் பூசணி வகைக் காய்களுக்கும் உண்டு. ‘ஸ்குவாஷ் கோர்ட்’ என்பதை மொழிபெயர்த்தபோது பூசணி வயலாகிவிட்டது என்பது காலங்காலமாகச் சொல்லப்படும் கதை. நான் இதைக் கதையாகவே வைத்துக்கொள்கிறேன். அந்த அறையே ஸ்குவாஷுக்கானது அல்ல, ராக்கெட்ஸ் என்ற வேறு ஆட்டத்துக்கானது. எல்லோரும் ஸ்குவாஷ் கோர்ட் என்றே எழுதி அது நிலைத்துவிட்டது.

ஜனங்கள் வாழும் ஊரின் நடுவே இப்படிச் செய்யலாமா? வெடித்திருந்தால்?
(வாசகி, கூடங்குளம்)

உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வரும்போது அதன் கனம் புரிகிறது. அணுகுண்டு மாதிரி வெடிக்க வாய்ப்பில்லை. அணு பிளக்கும்போது வரும் நியூட்ரான்களில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவை சில நொடிகள் தாமதமாக வருகின்றன. அந்தத் தாமதம்தான் வினையை மனிதக் கை கட்டுப்படுத்தும் வேகத்துக்கு இழுத்துப் பிடிக்கிறது. அன்று சக்தி இரட்டிப்பாக ஏறக்குறைய இரண்டு நிமிடம் பிடித்தது. 28 நிமிடம் ஓடியதில் எட்டியது அரை வாட், ஒரு டார்ச் பல்புக்குக்கூடச் சரியாகப் போதாது. ஃபெர்மி கணக்குப் போட்டுத்தான் இறங்கினார்.

ஆனாலும் கதிர்வீச்சுத் தடுப்புச் சுவர் கிடையாது, குளிர்விக்கும் அமைப்பும் கிடையாது. காம்ப்டன் பல்கலைக்கழகத் தலைவரிடம்கூடச் சொல்லவில்லை, கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார் என்று பிறகு எழுதினார். போர்க்காலம்தான், சரி. ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுவார்கள் என்பதற்காகவே கேட்காமல் விடுவது தவறு என்றுதான் நான் நினைக்கிறேன்.

முடிந்ததும் இயற்பியலாளர் யூஜீன் விக்னர் ஒரு கியாண்டி ஒயின் பாட்டிலை எடுத்தார். காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் குடித்தார்கள், யாரும் வாழ்த்துச் சொல்லவில்லை. பாட்டிலைச் சுற்றியிருந்த வைக்கோல் உறையில் கையெழுத்துப் போட்டார்கள், யார் யார் இருந்தார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. எல்லோரும் கலைந்த பிறகு இன்னொரு இயற்பியலாளரான லியோ சிலார்ட் ஃபெர்மியின் கையைக் குலுக்கி, மனித வரலாற்றில் இது ஒரு கறுப்பு நாளாக நினைக்கப்படும் என்றாராம். மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை, நாகசாகி நடந்தது.

நம்மவர் யாராவது அங்கே இருந்தார்களா?
(வாசகர், திருச்சி)

அன்று அந்த அறையில் இல்லை. ஆனால் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 முதலே அதே பல்கலைக்கழகத்தில் இருந்தார். பின்னாளில் ஃபெர்மியும் அவரும் சேர்ந்து விண்மீன் மண்டலக் காந்தப்புலம் பற்றி ஆய்வு செய்து 1953இல் கட்டுரை வெளியிட்டார்கள்.

இப்போது போனால் அந்த அறையைப் பார்க்கலாமா?
(வாசகி, சிங்கப்பூர்)

முடியாது. உலையை 1943 தொடக்கத்திலேயே பிரித்து ஆர்கான் காட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி அடுக்கினார்கள். பழைய கேலரியை 1957இல் இடித்துவிட்டார்கள், அந்த வளாகத்தில் இப்போது ரெகன்ஸ்டைன் நூலகம் இருக்கிறது. எல்லிஸ் அவென்யூவில் ஹென்றி மூர் செய்த 12 அடி வெண்கலச் சிற்பம் ஒன்று நிற்கிறது, 1967 டிசம்பர் 2 அன்று திறந்தது. ஒரு பக்கம் நின்றால் மண்டையோடு போலவும் இன்னொரு பக்கம் காளான் மேகம் போலவும் தெரியும். போனால் முழுதாக ஒரு சுற்று நடந்து வாருங்கள்.