போன வருடக் கணக்கு இந்த வருடம் செல்லாது: கல்லூரி நிதியுதவி கேள்வி பதில்

வணக்கம். அமெரிக்காவில் ஒரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்தில் 11 வருடம் வேலை பார்த்தேன். என் மகள் கல்லூரிக்குப் போனபோது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அழுததும் உண்டு. இந்த இரண்டு மூன்று வருடங்களில் விதிகள் வேகமாக மாறிவிட்டன. நீங்கள் அனுப்பிய கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பெரியவள் மூன்றாம் வருடம் போகிறாள், சின்னவன் இப்போதுதான் சேருகிறான். இரண்டு பேர் ஒரே சமயத்தில் படித்தால் உதவி கூடும் என்றார்கள். ஒரு டாலர்கூட கூடவில்லையே, அக்கா?

அவர்கள் சொன்னது பழைய கணக்கு. 2023-24 வரை அப்படித்தான் இருந்தது. பெற்றோர் வருடத்துக்கு 30,000 டாலர் கட்ட முடியும் என்று ஃபாஃப்சா, அதாவது அரசு நிதியுதவிக்கான விண்ணப்பப் படிவம், சொன்னால், இரண்டு பிள்ளைகள் படிக்கும்போது அதைத் தலைக்கு 15,000 என்று பிரித்துவிடுவார்கள். உதவியைக் கணக்கிட 2024-25இல் எஸ்.ஏ.ஐ. என்ற புதிய எண் வந்தது. அதில் இந்தப் பிரிப்பு கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக 30,000 என்றே நிற்கும். நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு விழுந்த பெரிய அடி இதுதான். எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

ஆனால் இதோடு விட்டுவிடாதீர்கள். ஃபாஃப்சா தீர்மானிப்பது முக்கியமாக அரசுப் பணத்தை. தனியார் கல்லூரிகள் பல, தங்கள் சொந்தப் பணத்தைப் பங்கிட சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற வேறொரு படிவத்தைப் பார்க்கின்றன. கல்லூரியில் படிக்கும் உடன்பிறப்பு பற்றி அதில் கேட்கிறார்கள், பல கல்லூரிகள் அதைக் கணக்கிலும் எடுக்கின்றன. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் இன்னொரு பிள்ளையின் கட்டண ரசீதை இணைத்து, மறுபரிசீலனை கேட்டு அலுவலகத்துக்கு எழுதுங்கள். போனில் மட்டும் பேசினால் கோப்பில் ஒன்றும் இருக்காது.

கேள்வி: மார்ச்சில் என்னை லே-ஆஃப் செய்துவிட்டார்கள். படிவம் இரண்டு வருடத்துக்கு முந்தைய சம்பளத்தைக் கேட்கிறது. இன்றைக்கு வருமானமே இல்லாதபோது அந்தச் சம்பளத்தை வைத்து எப்படிக் கணக்குப் போடுவார்கள்?

சார், முதலில் படிவத்தில் உள்ளதை உள்ளபடி நிரப்புங்கள். 2026-27 படிவம் 2024ஆம் வருட வரிக்கணக்கைத்தான் எடுக்கும், அதை நீங்கள் மாற்ற முடியாது. படிவம் போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொரு கல்லூரியிடமும் "புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்" வேண்டும் என்று தனித்தனியாகக் கேளுங்கள். உங்கள் இன்றைய நிலைமையைப் பார்த்து எண்களைத் திருத்த நிதியுதவி அதிகாரிக்குச் சட்டப்படி அதிகாரம் இருக்கிறது. இப்படி வரும் எல்லா மனுவையும் பார்க்காமலே தள்ளுவது என்று ஒரு கல்லூரி பொதுக் கொள்கை வைக்கவும் கூடாது.

நான் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தபோது எங்களுக்கு உதவிய கடிதம் எது தெரியுமா? ஒரே பக்கம். வேலை போன தேதி, கடைசிச் சம்பளம், செட்டில்மென்ட் எவ்வளவு, வேலையின்மைப் படி எவ்வளவு, இந்த வருட மொத்த வருமானம் என்னவாக இருக்கும் என்ற மதிப்பு. கூடவே நீக்கக் கடிதமும் கடைசிச் சம்பளச் சீட்டும். பெரிய மருத்துவச் செலவு இருந்தால் அதன் ரசீதுகள். ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்களா? படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை என்பதால் நம்மவர்கள் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள். வங்கிச் சான்றோடு அதையும் எழுதுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அதிகாரியின் கையில்தான், ஆனாலும் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்?

கௌரவக் குறைச்சல் என்று தயங்குபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயங்க வேண்டாம். இந்த வேலைக்காகத்தான் அந்த அலுவலகமே இருக்கிறது.

கேள்வி: நாங்கள் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம். பெரிய பையன் எங்களைச் சார்ந்த ஹெச்-4 விசாவில், சின்னவள் இங்கேயே பிறந்தவள். எங்களுக்கெல்லாம் ஃபாஃப்சா கிடையாதா?

அரசு உதவிக்குப் பிள்ளையின் நிலைதான் முக்கியம், உங்களுடையது இல்லை. சின்னவள் அமெரிக்கக் குடிமகள், அதனால் அவள் தாராளமாக விண்ணப்பிக்கலாம். அம்மாவுக்குச் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாவிட்டாலும் ஃபாஃப்சா இணையதளத்தில் கணக்குத் தொடங்க வழி இருக்கிறது.

பெரியவனுக்கு ஹெச்-4 இருக்கும்வரை அரசு கிராண்டும், அதாவது திருப்பிக் கட்ட வேண்டாத பணமும், கிடையாது, அரசுக் கடனும் கிடையாது. கிரீன் கார்டு வந்தால் அன்றிலிருந்து தகுதி உண்டு. அதுவரை இரண்டு வழிகள். ஒன்று, பல மாநிலங்களில் ஹெச்-4 பிள்ளைகளுக்கு உள்ளூர் மாணவருக்கான குறைந்த கட்டணம் கிடைக்கிறது. இன்னொன்று, கல்லூரி தன் பணத்தில் தரும் மெரிட் ஸ்காலர்ஷிப். இதில் பலவற்றுக்குக் குடியுரிமை ஒரு நிபந்தனை இல்லை. 21 வயது தாண்டி ஹெச்-4 போய், எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற நேர்ந்தால் உள்ளூர்க் கட்டணம் கைவிட்டுப் போகலாம். மூன்றாம், நான்காம் வருடச் செலவை அந்தப் பயத்தையும் சேர்த்தே போட்டு வையுங்கள்.

கேள்வி: சென்னையில் ஒரு ஃப்ளாட் இருக்கிறது. காட்ட வேண்டுமா?

ஆமாம், காட்ட வேண்டும். நீங்கள் குடியிருக்கும் வீடும் ஓய்வுக்கால சேமிப்பும் ஃபாஃப்சாவில் சொத்தாகக் கணக்கில் வராது. ஆனால் வேறு வீடு எந்த நாட்டில் இருந்தாலும் வரும். சந்தை மதிப்பில் கடனைக் கழித்துவிட்டு, படிவம் நிரப்பும் அன்றைய மாற்று விகிதத்தில் டாலராக எழுதுங்கள். கூட்டுச் சொத்து என்றால் உங்கள் பங்கு மட்டும்.

கேள்வி: மகனுக்கு முதல் வருடம் 18,000 டாலர் மெரிட் ஸ்காலர்ஷிப். ஜி.பி.ஏ., அதாவது மதிப்பெண் சராசரி, 3.5 வேண்டுமாம், 3.38 வாங்கியிருக்கிறான். போய்விடுமா, மேடம்?

என் மகளுக்கு இதேதான் நடந்தது. முதல் செமஸ்டரில் வேதியியல் காலை வாரிவிட்டது. நிபந்தனை, சேர்க்கைக் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. இந்தத் தொழிலில் இருந்த நானே அதை ஒழுங்காகப் படிக்கவில்லை. வருடக் கடைசியில் பணம் நின்றபோது மூன்று நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவள் மேல் கோபப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

உடனே மூன்றைக் கேளுங்கள். மதிப்பெண்ணை செமஸ்டருக்கு ஒருமுறை பார்க்கிறார்களா, வருடத்துக்கு ஒருமுறையா? கோடைக்காலப் பாடம் எடுத்து ஜி.பி.ஏ.வை ஏற்றினால் ஒப்புக்கொள்வார்களா? ஒரு செமஸ்டர் அவகாசம், அதாவது புரொபேஷன், உண்டா? கோடைப் பாடத்தை அதே கல்லூரியில் எடுக்கட்டும். வேறு கல்லூரியில் எடுத்தால் கிரெடிட் மட்டும் வந்து ஜி.பி.ஏ. ஏறாமல் போவது சாதாரணம். என் மகளுக்கு இரண்டு கோடைப் பாடங்களுக்கு அப்புறம் பாதித் தொகை திரும்பக் கிடைத்தது.

மகனிடம் மெதுவாகப் பேசுங்கள், சார். அவனும் பயந்துபோய்த்தான் இருப்பான்.

கேள்வி: வெளியில் ஒரு அமைப்பு மகளுக்கு 4,000 டாலர் கொடுத்தது. கல்லூரி தன் கிராண்டில் 4,000 குறைத்துவிட்டது. இது சரியா?

பல இடங்களில் சட்டம் இதைத் தடுப்பதில்லை. 2017இல் மேரிலாந்து தன் மாநிலக் கல்லூரிகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அதற்குப் பிறகு கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்களும் சட்டம் போட்டன. உங்கள் கல்லூரியிடம், "குறைப்பதென்றால் முதலில் கடனையும், படித்துக்கொண்டே வேலை பார்க்கும் வொர்க்-ஸ்டடியையும் குறையுங்கள், கிராண்டைத் தொடாதீர்கள்" என்று கேளுங்கள். பல அலுவலகங்கள் சம்மதிக்கும். இல்லாவிட்டால் கொடுத்த அமைப்பிடமே பேசிப் பணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைக்க முடியுமா என்று பாருங்கள்.

கேள்வி: மீதியை பேரன்ட் பிளஸ் என்ற, பெற்றோர் வாங்கும் அரசுக் கடனில் சமாளிக்கலாம் என்றிருந்தோம். அதையும் மாற்றிவிட்டார்களாமே?

மாற்றிவிட்டார்கள். முன்பு மற்ற உதவிகள் போக மீதிச் செலவு முழுவதையும் வாங்க முடிந்தது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி, 2026 ஜூலை 1 முதல் ஒரு பிள்ளைக்கு வருடத்துக்கு 20,000 டாலர், மொத்தமாக 65,000 டாலர்தான். புதிதாக வாங்கும் பிளஸ் கடனை வருமானத்துக்கு ஏற்ப அடைக்கும் வழியும் இல்லை. பிள்ளை ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்து, அதே படிப்புக்கு அந்தத் தேதிக்கு முன்பே அரசுக் கடன் வாங்கியிருந்தால், அதிகபட்சம் மூன்று வருடம் பழைய விதி ஓடும். பிள்ளை பெயரில் கிடைக்கும் அரசுக் கடன் நான்கு வருடத்துக்கும் சேர்த்து 27,000 தான்.

ஆகவே சேரும் முன்பே நான்கு வருடத்துக்கும் ஒரு தாளில் எழுதுங்கள். கட்டணம் வருடாவருடம் ஏறும், ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் அதே தொகையில் நிற்கும். இடைவெளி நான்காம் வருடம்தான் பெரிதாக வாயைப் பிளக்கும். அந்த வருடத்தைச் சமாளிக்க முடியாவிட்டால், பெயர் பெரிதாக இருந்தாலும் அந்தக் கல்லூரி வேண்டாம் என்றே சொல்வேன்.

கேள்வி: தாத்தா தன் 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கிலிருந்து பேத்திக்குக் கட்டணம் கட்டினால் உதவி குறையுமா?

முன்பு குறையும். 2024-25 முதல் ஃபாஃப்சா அதைக் கேட்பதே இல்லை. சி.எஸ்.எஸ். புரொஃபைல் கேட்கும் கல்லூரி என்றால் மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். தாத்தாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.