தண்ணீர் தெளிந்த பிறகும் சேற்றை ஏன் எடுக்கிறார்கள்?

கேள்வி: கடலை ஒட்டிய நகரத்து ஏரி ஒன்றில் கழிவுநீர் விடுவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது, தண்ணீர்ப் பரிசோதனையும் நன்றாகவே வருகிறது. அப்புறமும் ஆராய்ச்சிக்காரர்கள் படகில் போய்க் குழாய் குழாயாக அடிச்சேற்றை எடுக்கிறார்களே, எதற்கு?

பதில்: தண்ணீரைச் சோதித்தால் இன்றைய நிலவரம் தெரியும், அவ்வளவுதான். நேற்று பெருமழை பெய்திருந்தால் எண்ணே மாறிப்போகும். ஈயம், துத்தநாகம், பாதரசம், சாலையிலிருந்து வழிந்துவரும் எண்ணெய், டயர்த்தூள் எல்லாம் பெரும்பாலும் நுண்ணிய களிமண்ணில் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படிகின்றன. கடல் தண்ணீர் கலக்கும் ஏரியில் இது இன்னும் சுருக்காக நடக்கும், ஏனென்றால் நன்னீரில் தனித்தனியாக மிதக்கிற களித்துகள்கள் உப்பு பட்டதும் பஞ்சு பஞ்சாகத் திரண்டு அமிழ்ந்துவிடும்.

எடுத்த குழாயை நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். மேலே சில மில்லிமீட்டருக்குப் பழுப்பாக ஒரு மெல்லிய படலம், அதற்குக் கீழே கன்னங்கரேலென்று அழுகின முட்டை நாற்றத்தோடு சேறு, இன்னும் கீழே சாம்பல் நிறக் களி, நடுவில் எங்கேயாவது கடல் சிப்பி ஓடு கிடந்தால் கடல் உள்ளே வந்துபோன காலம் அது. இதை ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வெட்டி வெட்டி வயது பார்க்கிறார்கள். கதிரியக்கமுள்ள ஈயம்-210 சுமார் 22 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் அடுக்கின் வயது தெரியும். அணுகுண்டுச் சோதனைகளால் வந்த கதிரியக்கப் பொருளான சீசியம்-137 உச்சத்தில் இருக்கும் அடுக்கை 1963 என்று குறித்துக்கொள்ளலாம். 1920களில் பெட்ரோலில் சேர்க்கத் தொடங்கிய ஈயம் ஏறி, தடை வந்த பிறகு இறங்குவதைக்கூடப் பல ஏரிகளில் இப்படிப் பார்த்திருக்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். மணலைவிடக் களியில் உலோகம் இயல்பாகவே அதிகம் இருக்கும். அதனால் துகளின் அளவைப் பார்த்து, களியில் இயல்பாகவே இருக்கும் அலுமினியத்தோடு விகிதம் போட்டுத்தான் மாசைக் கணக்கிட வேண்டும். அதைச் செய்யாமல் வெறும் எண்ணை வைத்து ‘ஆபத்து’ என்று எழுதுவது தப்பு.

கேள்வி: அப்படியானால் மொத்தமாகத் தூர்வாரிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். சேற்றின் அந்தக் கறுப்பு நிறம் இரும்பும் கந்தகமும் சேர்ந்த இரும்பு சல்ஃபைடு. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் பாக்டீரியாக்கள் கடல் தண்ணீரின் சல்பேட்டை சல்ஃபைடாக்குகின்றன, அது பல உலோகங்களைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கிளறினால் காற்றுப்பட்டுப் பிடி விடும். சில ஏரிகளில் மேல் அடுக்கு ஓரளவு சுத்தமாகவும் அரை மீட்டர் கீழே பழைய தொழிற்சாலைக் காலத்து விஷமாகவும் இருக்கும், அங்கே மேலே மட்டும் வழித்தெடுத்தால் மோசமானதைத் திறந்துவைத்த மாதிரி ஆகிவிடும். எந்த ஆழத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்த பிறகே இயந்திரத்தை இறக்க வேண்டும்.

அள்ளிய சேற்றை எங்கே கொட்டப் போகிறார்கள் என்றும் கேளுங்கள். சல்ஃபைடு நிறைந்த சேறு கரையில் கிடந்து காய்ந்தால் அமிலமாக மாறும், அடுத்த மழைக்கு அதே உலோகங்கள் அந்த அமிலத்தோடு கரைந்து ஏரிக்கே திரும்பி வரும்.