துகள் கிடைக்காவிட்டால் மகளின் கதி என்ன?

செம்பூரிலிருந்து வந்த அம்மாவுக்கு,

நேற்று மாட்டுங்காவில் என் எதிரே உட்கார்ந்திருந்தபோது, பொறியியல் கல்லூரி விண்ணப்பங்கள் இருந்த பையை நீங்கள் கடைசிவரை மடியிலிருந்து இறக்கவே இல்லை. துகள் இயற்பியல் படிக்க ஆசைப்படும் உங்கள் மகளைப் பற்றி, “இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத துகளைத் தேடி இவள் எப்படிப் பிழைப்பாள்?” என்று கேட்டீர்கள். நியாயமான கவலை. அவசரமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அவளுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். 82-இன் நான்காம் அடுக்கு: 4,52,12,176. ஈய அணுக்கருவில் 82 புரோட்டான்கள். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் இரண்டு ஈய அணுக்கருக்கள் உரசாமல் விலகிப் போகும்போதும், அவற்றைச் சூழ்ந்துள்ள ஒளித்துகள்கள் மோதிக்கொள்கின்றன. அந்த மோதலின் வாய்ப்பு புரோட்டான் எண்ணிக்கையின் நான்காம் அடுக்காகக் கூடுகிறது. புரோட்டான்களை விட ஏறத்தாழ நாலரைக் கோடி மடங்கு அதிக வாய்ப்பு! கோட்பாட்டில் மட்டுமே உள்ள ஆக்சியான் போன்ற புதிய துகள் அங்கே பிறந்து இரண்டு ஒளித்துகள்களாகச் சிதைந்தால், வரைபடத்தில் ஒரு மேடு எழும்ப வேண்டும். யாரும் கேட்காமலேயே அந்தக் கணக்கைப் போட்டிருக்கிறாள், அம்மா.

அந்த மேடு இதுவரை எழும்பவில்லை. ஆனாலும் அந்த வளையத்தில் ஆய்வு செய்யும் அட்லஸ் குழு 2019-இல் ஒளியை ஒளி சிதறடிப்பதை உறுதியாகக் கண்டது. இந்த நிறையில், ஒளியோடு இந்த வலிமைக்கு மேல் பிணையும் அத்துகள் இருக்க முடியாது என்று அட்லஸும் அங்குள்ள இன்னொரு குழுவான சி.எம்.எஸ்ஸும் எல்லைக்கோடு வரைந்தன. அப்படி ஒரு கோட்டைச் சரியாக வரைந்தாலே முனைவர் பட்டம் கிடைக்கும். துகள் அகப்பட்டால்தான் பட்டம் என்பதில்லை.

மும்பைப் பல்கலைக்கழகத்தின் கலினா வளாகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. இருக்கிறது, அதற்கு நெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிறகு கொலாபாவின் டி.ஐ.எஃப்.ஆருக்கு (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) முயலலாம், அது சி.எம்.எஸ். குழுவில் பங்கு பெற்ற நிறுவனம். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

ஒன்றை மறைக்க மாட்டேன். நிலையான பேராசிரியர் பணிக்குப் பதினைந்து ஆண்டுகள் கூட ஆகலாம், இடங்களும் குறைவு. ஆனால் மலைபோல் குவிந்த தரவிலிருந்து அரிதான ஒன்றைப் பிரித்தெடுக்கப் பழகியவர்களுக்கு இந்த மும்பையின் வங்கிகளிலும் வேலை உண்டு.

அவளுடைய ஆசையை விட அவளுடைய பொறுமையைத்தான் நான் சோதித்துப் பார்ப்பேன். செர்ன் இலவசமாக வெளியிட்டுள்ள மியூவான் (எலக்ட்ரானைப் போன்ற கனமான துகள்) இணைத் தரவை வைத்துக்கொண்டு இந்த விடுமுறையில் ஒரு மாதம் உட்காரட்டும். பிழைகளைத் திருத்தித் திருத்தி, இரண்டு மியூவான்களாகச் சிதையும் இசட் துகளின் மேட்டை, துகளின் நிறையை அளக்கும் ஜி.இ.வி. அலகில் 91-க்கு அருகே அவளே வரைந்து காட்டட்டும். பொறியியல் விண்ணப்பங்களையும் அனுப்புங்கள், நான் தடுக்கவில்லை. நெஸ்ட் விண்ணப்பத்தை மட்டும் தவறவிடாதீர்கள்.