சரளைக்கு ஒன்று, களிமண்ணுக்கு ஒன்று: பிரெஞ்சு சிவப்பு ஒயின் சேர்மானம், கேள்வி பதில்

கேள்வி: பிரான்சின் போர்தோ வட்டார ஒயின் பாட்டிலில் திராட்சை ரகத்தின் பெயரே போடுவதில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஊர்ப் பெயரைப் படியுங்கள், ரகம் அதிலேயே இருக்கிறது. கரோன், தோர்தோன்யு என்ற இரண்டு ஆறுகள் போர்தோ நகருக்கு வடக்கே கூடி, ஜிரோந்து என்ற அகன்ற கழிமுகமாகக் கடலுக்குப் போகின்றன. மேற்கே இருப்பது இடக்கரை. அங்கே மெடோக் பகுதியின் போயாக், மார்கோ, சென்-ஜூலியன் என்ற ஊர்கள் லேபிளில் இருந்தால் பெரும்பாலும் கேபர்னே சோவின்யோன் என்ற ரகம்தான் பாதிக்கு மேல். தோர்தோன்யுவுக்கு வடக்கே இருப்பது வலக்கரை. பொமெரோல், சென்-தெமிலியோன் என்றால் மெர்லோ ரகம் முன்னால் நிற்கும், துணைக்கு கேபர்னே ஃப்ரான் என்ற இன்னொரு ரகம். வெறுமனே 'போர்தோ' என்று மட்டும் போட்ட விலை குறைந்த பாட்டிலிலும் மெர்லோதான் அதிகம் இருக்கும். அந்த வட்டாரத்தில் மிக அதிகமாக நட்டிருப்பது அதைத்தான்.

கேள்வி: ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒரு ரகம், அந்தப் பக்கம் இன்னொன்று. இது வழக்கமா, காரணம் உண்டா?

உறுதியான காரணம் உண்டு: தண்ணீர். கேபர்னே சோவின்யோன் பிந்திப் பழுக்கும், மெர்லோ அதைவிட ஒன்று, இரண்டு வாரம் முந்தும். மெடோக்கில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய கூழாங்கல்லும் சரளையும் மேடு மேடாகக் கிடக்கின்றன. மழை பெய்தால் நீர் நிற்காமல் இறங்கிவிடும், மண் சீக்கிரம் சூடேறும். கொடிக்கு ஓரளவு தண்ணீர்த் தட்டுப்பாடு வரும். தளிர் விடுவது கோடை நடுவில் நிற்கும், காய் சிறுத்து, சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும். நிறமும் துவர்ப்பும் தோலில்தானே இருக்கின்றன. அதே கேபர்னேயை ஈரம் தேங்கும் குளிர்ந்த களிமண்ணில் நட்டால் அக்டோபர் வந்தும் பச்சை வாடை போகாது. மெர்லோ அங்கேதான் நன்றாக வரும். வறண்ட சரளையில் வைத்தால் அது வெயிலில் சீக்கிரம் வாடி, சர்க்கரை ஏறிப் புளிப்பு இழந்துவிடும்.

பகல் வெயிலைச் சரளை பிடித்துவைத்து இரவில் கொடிக்குத் தருகிறது என்பது பலரும் சொல்வது. உண்மைதான், ஆனால் நீர் வடிவதுதான் அதைவிடப் பெரிய காரணம். 17-ம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் கால்வாய் வெட்டி மெடோக்கின் சதுப்பை வடித்த பிறகே அங்கே திராட்சை பெரிதாக வளர்ந்தது.

களிமண்ணிலும் வகை உண்டு. பொமெரோலில் பெத்ரூஸ் தோட்டம் இருக்கும் மேட்டில் நீலக் களிமண். நனைந்ததும் உப்பி, மேலும் நீர் இறங்காமல் மூடிக்கொள்ளும். வறட்சியில் பிடித்துவைத்த ஈரத்தைச் சிறுகச் சிறுகத் தரும். அங்கே மெர்லோ மட்டுமே போதும் என்று அவர்கள் இருப்பது இதனால்தான். அதற்குப் பக்கத்திலேயே, சரளையும் களிமண்ணும் கலந்த ஷெவால் பிளாங் தோட்டத்தில் பாதியளவு கேபர்னே ஃப்ரான்.

கேள்வி: அப்படியானால் கல்லின் சுவை ஒயினில் இறங்குகிறது என்பது சரியா?

இல்லை. வேர் கல்லை உறிஞ்சாது, கரைந்த உப்புகளை மிகச் சிறிய அளவில்தான் எடுக்கும். நிலம் வேலை செய்வது நீர், வெப்பம், தழைச்சத்து வழியாக. தழைச்சத்து மிகுந்தால் இலைதான் கொழிக்கும், பழம் நிழலில் கிடக்கும்.

கேள்வி: மெடோக் பாட்டில் ஒன்று திறந்தேன், குடைமிளகாய் வாசனை அடித்தது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. பைரசின் என்ற சேர்மத்தின் வாசனை அது. லிட்டருக்குச் சுமார் 15 நானோகிராம் இருந்தாலே சிவப்பு ஒயினில் மூக்கு கண்டுபிடித்துவிடும். கேபர்னே சோவின்யோன், கேபர்னே ஃப்ரானும் சோவின்யோன் பிளாங்கும் கலந்து பிறந்த ரகம் என்று 1997-ல் மரபணு ஆய்வில் தெரிந்தது. இந்தப் பச்சை வாடை பெற்றோர் இருவரிடமும் உண்டு. காய் பழுக்கப் பழுக்க, குலை மீது வெளிச்சம் படப் பட இது குறையும். குளிர்ந்த ஆண்டு, மிகையான மகசூல், அடர்ந்த இலை, அவசர அறுவடை, இந்த நான்கில் ஒன்று காரணமாக இருக்கும். விவசாயி காய் பிடித்ததும் காலை வெயில் படும் பக்கத்துக் குலையோர இலைகளைக் கிள்ளிவிடுவது இதற்காகத்தான். பிற்பகல் வெயில் பக்கத்தையும் மொட்டையடித்தால் பழம் வெந்துவிடும். பாட்டிலில் வந்தபின் இந்த வாடை அதிகம் குறையாது, வருடக்கணக்கில் வைத்துப் பயனில்லை.

கேள்வி: நல்ல ரகம் ஒன்றே போதாதா? பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில் பினோ நுவார் மட்டும்தானே?

பர்கண்டியில் குளிர் அதிகம், அங்கே நம்பிக்கையோடு பழுக்கும் சிவப்பு ரகம் ஏறக்குறைய அது ஒன்றுதான். போர்தோ அட்லாண்டிக் கடலை ஒட்டியது. பூக்கும் காலத்தில் மழை, அறுவடைக்கு முன் மழை, வசந்தத்தில் உறைபனி எல்லாம் வரும். மெர்லோ முந்தித் துளிர்ப்பதால் உறைபனியில் அடிபடும், பூக்கும்போது குளிர்ந்தால் பூ உதிரும். 2013-ல் அதுதான் நடந்தது. கேபர்னேவுக்கு ஆபத்து அக்டோபர் மழை. இரண்டும் ஒரே ஆண்டில் முழுதாகத் தோற்பது அபூர்வம். 1956 பிப்ரவரியில் கடும் குளிரில் கொடிகளே செத்தன. அதன்பின் போர்தோவில் மால்பெக் என்ற ரகம் சுருங்கி மெர்லோ பரவியது.

சுவையிலும் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். கேபர்னே எலும்பு, மெர்லோ சதை. கேபர்னே ஃப்ரான் மணம் தரும். பெத்தி வெர்தோ என்ற ரகம் 2 முதல் 5 சதவீதம் போதும், நிறமும் காரமும் ஏறிவிடும், மிஞ்சினால் மற்றதை அமுக்கிவிடும்.

கேள்வி: விகிதத்தை எப்படி முடிவு செய்கிறார்கள்? வீட்டில் முயன்று பார்க்க வழி உண்டா?

முன்கூட்டி எழுதிய சூத்திரம் கிடையாது. ஒவ்வொரு நிலத்துண்டின் பழத்தையும் தனித் தொட்டியில் நொதிக்க விடுகிறார்கள். மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும் இரண்டாம் நொதிப்பு முடிந்தபின், பல இடங்களில் ஜனவரி முதல் மார்ச் வரை, சுவைத்துக் கலக்கிறார்கள். இரண்டாம் நொதிப்பு முடியுமுன் கலந்தால் கூர்மையான புளிப்பு ஏமாற்றிவிடும், மெர்லோவைத் தேவைக்கு மேல் சேர்த்துவிடுவீர்கள். புது ஓக் பீப்பாயின் வாசனையும் ரகத்தை மறைக்கும். சக்கையைப் பிழிந்தெடுத்த சாறு தனியாக நிற்கும், கடைசியில்தான் அது. கொஞ்சம் சேர்த்தால் ஒயினின் கனம் கூடும், அளவு மிஞ்சினால் நாக்கு வறளும். முதல் சேர்மானத்துக்குப் பொருந்தாத தொட்டிகள் அதே தோட்டத்தின் விலை குறைந்த இரண்டாம் ஒயினுக்குப் போகும்.

வீட்டில் செய்ய, கேபர்னே ஒன்று, மெர்லோ ஒன்று வாங்குங்கள், ஓக் வாசனை குறைந்ததாக. மருந்துக் கடை 10 மில்லி சிரிஞ்சால் அளந்து 100 மில்லிக்கு 70:30, 50:50, 30:70 என மூன்று கிளாஸ். பத்து நிமிடம் விட்டு, எது எதென்று தெரியாமல் சுவையுங்கள். பிடித்ததிலிருந்து 5 மில்லி இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். 5 மில்லியில் வரும் சிறு மாற்றமும் கவனித்துச் சுவைத்தால் தெரியலாம்.

கேள்வி: பிரான்சின் தெற்கே, ரோன் ஆற்றுப் பகுதியில் உள்ள ஷாத்தோநஃப்-து-பாப் ஊரின் ஒயினில் 13 ரகம் என்கிறார்களே, அத்தனையும் போடுவார்களா?

அனுமதி உண்டு, கட்டாயம் இல்லை. பெரும்பாலானவை கிரெனாஷ் ரகத்தை அடித்தளமாக வைத்தவை. கிரெனாஷ் வெயிலில் சர்க்கரை ஏற்றிக்கொள்ளும், ஆல்கஹால் 15 சதவீதம் சாதாரணம். ஆனால் நிறம் மங்கல், காற்றுப் பட்டால் சீக்கிரம் பழுப்பேறும். அதனால் சிறு பீப்பாய் தவிர்த்துப் பெரிய பழைய மரத்தொட்டியிலோ சிமென்ட் தொட்டியிலோ வைப்பார்கள். சிரா நிறமும் மிளகு வாசனையும் தரும். மூர்வேத்ர் காற்றால் கெடாமல் காக்கும், ஆனால் மிகப் பிந்திப் பழுக்கும். 'தலை வெயிலில், கால் தண்ணீரில்' இருக்க வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். வெயிலில் சூடேறும் புகழ்பெற்ற உருண்டைக் கற்களும் அடியில் ஈரம் தாங்கும் களிமண்ணும் அதற்குப் பொருந்தும். அதே ஊரில் ராயாஸ் தோட்டத்தில் மணல், அங்கே கிரெனாஷ் மட்டும், மென்மையாக வருகிறது. மிஸ்ட்ரால் என்ற அந்த வட்டாரத்தின் பலத்த காற்று குலையை உலர்த்தி அழுகலைத் தடுக்கும். நீளத் தொங்கும் சிராக் கிளையை அதே காற்று ஒடித்துவிடும், கம்பியில் கட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: சென்னையில் இருக்கிறேன். 'அறை வெப்பநிலையில் பரிமாறவும்' என்றால்?

அவர்கள் சொல்லும் அறை 16 முதல் 18 டிகிரி. 30 டிகிரியில் ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், கேபர்னேயும் கிரெனாஷும் ஒன்றுபோலத் தெரியும். ஃப்ரிட்ஜில் ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம், அல்லது ஐஸும் தண்ணீரும் கலந்த வாளியில் கால் மணி நேரம். கிளாஸில் சீக்கிரம் சூடேறுவதால் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். மீதியை மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூர்வேத்ர் சேர்ந்தது மறுநாளும் நன்றாக இருக்கும். கிரெனாஷ் மிகுந்ததை அன்றே முடியுங்கள்.