சம்பளம் எவ்வளவு கேட்பது?

வணக்கம். சோழிங்கநல்லூரில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். 4 வருட அனுபவம், சி.டி.சி. (கம்பெனி எனக்காக வருடத்துக்குச் செய்யும் மொத்தச் செலவு) 6 லட்சம். வேறு வேலை தேடுகிறேன். கன்சல்டன்சியிலிருந்து போன் வந்தால் முதல் கேள்வியே இப்போதைய சம்பளம்தான். சொன்னதும், “அதற்கு மேல் 30 சதவீதம்தான் ஹைக்” என்கிறார்கள். 8 லட்சம் என்று கூட்டிச் சொல்லச் சொல்கிறார்கள் நண்பர்கள். சொல்லலாமா?

ர.

அன்புள்ள ர.,

கூட்டிச் சொல்லாதீர்கள். கடைசி மூன்று மாத பே ஸ்லிப், ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்குக் கம்பெனி தரும் சான்று), சில இடங்களில் பேங்க் ஸ்டேட்மென்ட் வரைக்கும் கேட்பார்கள். கைக்கு வந்த ஆஃபர் அதனால் போனால் இன்னும் கொடுமை.

அதற்காக 30 சதவீதத்துக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. அது வெறும் வழக்கம். உங்கள் 6 லட்சம், கேம்பஸில் யாரோ நிர்ணயித்த தொகை வருடாவருடம் கொஞ்சம் ஏறி வந்தது. நீங்கள் இன்று செய்யும் வேலையின் மதிப்பை அது எப்படிச் சொல்லும்? கலிஃபோர்னியாவில் 2018 முதல், பழைய சம்பளத்தை நிறுவனங்கள் கேட்கவே கூடாது. ஒருமுறை குறைத்துக் கொடுக்கப்பட்டவர்கள், முக்கியமாகப் பெண்கள், போகிற இடமெல்லாம் அந்தக் குறையைச் சுமக்கிறார்கள் என்பதுதான் காரணம். நம்மூரில் அப்படிச் சட்டம் இல்லை. பேச்சை நாம்தான் திருப்ப வேண்டும்.

“இந்த வேலைக்கு பட்ஜெட் என்ன?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர்கள் கையில் ஒரு தொகை இருக்கும். சொல்ல மறுத்தால், சமீபத்தில் கம்பெனி மாறிய நண்பர்களிடம் விசாரித்து வைத்த எண்ணை நீங்களே சொல்லுங்கள். “பார்த்துப் பண்ணுங்க சார்” மட்டும் வேண்டாம்.

அப்புறம் சி.டி.சி. கணக்கு. 10 லட்சம் என்றதும் மனம் மாதம் 83,000 என்று கணக்குப் போடும். அதில் 10 சதவீதம் வேரியபிள், அதாவது வேலையைப் பார்த்துப் பின்னால் தரும் தொகை, என்றால் 1 லட்சம் அங்கேயே நின்றுவிடும். பேசிக் 4 லட்சம் என்று வையுங்கள்: கம்பெனி கட்டும் பி.எஃப். 48,000, கிராஜுவிட்டி (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) சுமார் 19,000 எல்லாம் அந்த 10 லட்சத்துக்குள்தான். உங்கள் பங்கு பி.எஃப்.பும் போக, கைக்கு வருவது 65,000 சொச்சம். எவ்வளவு பேரை இது முதல் மாதச் சம்பளத்தன்று உட்கார வைத்திருக்கிறது!

அதனால் போனிலேயே “ஃபிக்ஸட் எவ்வளவு?” என்று கேட்டுவிடுங்கள். எது எதற்கு எவ்வளவு என்ற பிரேக்கப்பை மெயிலில் வாங்குங்கள். ஆஃபர் லெட்டரும் வரும்வரை இப்போதைய கம்பெனியில் பேப்பர் போடாதீர்கள், அதாவது ராஜினாமா கொடுக்காதீர்கள்.