பதினைந்து கிலோ தாங்குமாம்!

காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "செப்டம்பரில் குடும்பத்தோடு லடாக் போகிறோம். மிரர்லெஸ் கேமராவும் 18-135 லென்ஸும் வைத்திருக்கிறேன். ஹன்லேயில் இரவு வானத்தை எடுக்க ஆசை. கொஞ்சம் வீடியோவும் எடுப்பேன். முதுகுப்பையில் அடங்குகிற சின்ன ட்ரைபாட் வேண்டும், பட்ஜெட் 10,000 ரூபாய். தெரிந்த கடைக்காரர் ஒருவர், 'கார்பன் ஃபைபர், பதினைந்து கிலோ தாங்கும், பில் வேண்டாமென்றால் 7,500க்கே தருகிறேன்' என்கிறார். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம்.

இதோடு நிறுத்தினால் நீங்கள் மறுபடி அந்தக் கடைக்கே போவீர்கள், அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கேமரா சாமான்களை வாடகைக்கு விடுவதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. கால் வழுக்குகிறது, தலை (கேமரா உட்கார்ந்து திரும்புகிற மேல்பாகம்) நிற்கவில்லை என்று என் மேஜைக்கு வருகிற ட்ரைபாட்களில் பாதி இதே மூன்று வசனத்தைக் கேட்டு வாங்கியவைதான்: இத்தனை கிலோ தாங்கும், கார்பன், பில் எதுக்கு சார்?

முதலில் அந்தப் பதினைந்து கிலோ. உங்கள் கேமராவும் லென்ஸும் சேர்ந்து ஒரு கிலோ வந்தால் பெரிது. மீதிப் பதினான்கு கிலோவுக்கு என்ன ஏற்றப் போகிறீர்கள், அரிசி மூட்டையா? தாங்கும் எடையை இப்படித்தான் அளக்க வேண்டும் என்று எல்லாக் கம்பெனிகளும் ஒப்புக்கொண்ட விதி ஒன்றும் கிடையாது. ஒரு கம்பெனி கால் மடங்காத வரை பாரம் ஏற்றிப் பார்க்கும். இன்னொன்று தலை சாயாத வரை பார்க்கும். வேறொன்று போட்டிக்காரன் பெட்டியைப் பார்த்து இரண்டு கிலோ கூட்டி அச்சடிக்கிறதோ என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஒரு பெட்டியில் 8 என்றும் பக்கத்துப் பெட்டியில் 15 என்றும் இருந்தால், 15 போட்டதுதான் உறுதி என்று ஆகிவிடாது.

நமக்கு வேண்டியதே வேறு. ஹன்லேயில் பால்வீதியை எடுக்க ஷட்டரைப் பதினைந்து வினாடி போலத் திறந்து வைப்பீர்கள். ஊர் கடல் மட்டத்திலிருந்து நாலாயிரம் மீட்டருக்கும் மேலே. ராத்திரி காற்று அடித்தால் ட்ரைபாட் ஒன்றும் ஒடிந்து விழாது, மெல்ல நடுங்கும். நடுங்கினால் நட்சத்திரம் புள்ளியாக விழாமல் புழுவாக விழும். ஒரு தட்டுத் தட்டினால் நடுக்கம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதுதான் விஷயம். அதை எந்தப் பெட்டியிலும் போடமாட்டார்கள்.

கடையிலேயே நீங்கள் பார்த்துவிடலாம். உங்கள் கேமராவைக் கையோடு கொண்டு போங்கள். கால்களுக்கு நடுவிலிருந்து மேலே எழும் நடுக்கம்பியை ஏற்றாமல் கால்களை மட்டும் முழுசாக நீட்டி நிறுத்தச் சொல்லுங்கள். கேமராவை மாட்டி, லென்ஸை முழுசாக ஜூம் செய்து 135க்குக் கொண்டு போய், எதிர்ச்சுவரில் இருக்கிற காலண்டர் எழுத்தைப் பாருங்கள். திரையில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி எல்லா மிரர்லெஸ்ஸிலும் உண்டு, அதைக் கடைசி வரை பெரிதாக்குங்கள். கேமராவில் நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். இப்போது லென்ஸின் நுனியில் ஒரு விரலால் லேசாக ஒரு சுண்டு. எழுத்து ஆடும். மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். இரண்டு சொல்வதற்குள் அடங்கினால் நல்ல ட்ரைபாட். நான்கு, ஐந்து என்று ஆடிக்கொண்டே இருந்தால், அது அறுபது கிலோ தாங்கினாலும் உங்களுக்கு உதவாது. அப்புறம் தலைக்குக் கீழே இருக்கிற தட்டைப் பிடித்து, ஜாடி மூடியைத் திருகுவதுபோல இப்படியும் அப்படியும் திருகிப் பாருங்கள். கால்கள் முறுக்கிக்கொண்டு போவது கண்ணுக்கே தெரிந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத கடையில் வாங்கவே வேண்டாம். "பீஸைப் பிரிச்சா விலை போகாது சார்" என்பார்கள். பிரிக்காத பீஸை வாங்கினால் உங்கள் காசு போகும்.

இன்னொரு ஏமாற்று, உயரம். பெட்டியில் 150 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தால் அது நடுக்கம்பியை முழுசாக ஏற்றிய உயரம். உதாரணத்துக்கு, பயண ட்ரைபாட்களில் பேர்போன பீக் டிசைனை எடுத்துக்கொள்ளுங்கள்: முழு உயரம் சுமார் 152 சென்டிமீட்டர், நடுக்கம்பி இல்லாமல் சுமார் 130. அவர்களாவது இரண்டையும் சொல்கிறார்கள். நடுக்கம்பியை ஏற்றினால் மூன்று காலின் மேல் ஒரு ஒற்றைக்கால் நிற்கிறது என்று அர்த்தம், காற்றில் அதுதான் முதலில் ஆடும். உங்கள் கேமராவில் திரையை மேல்நோக்கி மடக்க முடியும் என்றால் 120, 130 சென்டிமீட்டரே தாராளம். குனியக்கூட வேண்டியதில்லை.

மடக்கினால் முப்பது சென்டிமீட்டர்தான், தண்ணி பாட்டில் மாதிரி இருக்கும் என்று காட்டுகிற ரகம் ஒன்று உண்டு. அழகாகத்தான் இருக்கும். ஒவ்வொரு காலிலும் ஐந்து துண்டு. துண்டு கூடக் கூட கடைசித் துண்டு மெலிந்துகொண்டே போகும். ஒரே கனத் தகட்டில் செய்த குழாயின் விட்டம் பாதியானால் அதன் விறைப்பு பாதியாகாது, ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடும். சாத்துக்குடி ஜூஸ் ஸ்ட்ராவின் மேல் கேமராவை நிறுத்துகிற கதை. நான்கு துண்டுக் கால், மடக்கினால் 40லிருந்து 45 சென்டிமீட்டர், மேல் குழாய் 25 மில்லிமீட்டருக்குக் குறையாமல், எடை ஒன்றரைக் கிலோவுக்குள். இதைக் கேட்டு வாங்குங்கள். 55 சென்டிமீட்டர் முதுகுப்பையில் நன்றாகவே அடங்கும்.

சரி, கார்பன். நல்ல கார்பன் நல்லதுதான், மறுக்கவில்லை. நடுக்கம் சீக்கிரம் அடங்கும், குளிரில் கையைச் சுடாது. ஆனால் இந்த அளவு ட்ரைபாட்டில் எடை எவ்வளவு குறைகிறது? அதே பீக் டிசைனில் அலுமினியம் 1.56 கிலோ, கார்பன் 1.3 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கால் கிலோ சொச்சம், அரை லிட்டர் தண்ணி பாட்டிலில் பாதி. அந்தக் கால் கிலோவுக்கு விலை ஒன்றரை மடங்குக்கு மேல். அப்படியிருக்க 7,500 ரூபாய்க்கு கார்பன் எங்கிருந்து வருகிறது? அலுமினியக் குழாயின் மேல் கட்டம் போட்ட ஸ்டிக்கரைச் சுற்றி விற்பதை நான் கையாலேயே உரித்துப் பார்த்திருக்கிறேன். ஏசி ஓடுகிற கடையில் காலைத் தொட்டுப் பாருங்கள், அலுமினியம் சட்டென்று ஜில்லென்றிருக்கும், கார்பன் இருக்காது. எட்டு அடுக்கு கார்பன், பத்து அடுக்கு கார்பன் என்பதெல்லாம் நாம் சரிபார்க்கவே முடியாத பேச்சு. அலுமினியமே வாங்குங்கள். குளிர் கையைக் கடிக்காமலிருக்க ஒரு காலில் பழைய பேட்மின்டன் கிரிப்பைச் சுற்றிவிட்டால் போதும்.

அடுத்து, பில். இறக்குமதியான பெட்டியில் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., மாதம், வருஷம், புகார் சொல்ல ஒரு எண் எல்லாம் ஒட்டியிருக்க வேண்டும். இது நம் நாட்டுச் சட்டம். அந்த ஸ்டிக்கர் இல்லாவிட்டால் சரக்கு எந்த வழியாக வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாது, அல்லது நன்றாகத் தெரியும். பில்லும் இல்லை என்றால் வாரண்டி இல்லை, நுகர்வோர் உதவி எண் 1915இல் சொல்ல உங்களிடம் ஒரு காகிதமும் இல்லை. இத்தனைக்கும் நானே ஒருமுறை பில், ஸ்டிக்கர் எல்லாம் வைத்துக்கொண்டு ஒரு பால் ஹெட்டுக்கு, அதாவது உருண்டை மேல் எந்தப் பக்கமும் சாய்கிற தலைக்கு, புகார் கொடுத்தேன். "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று குறுஞ்செய்தி மட்டும் தவறாமல் வந்தது. மாற்றுத் தலை வருவதற்கு நாலு மாதம். பில் இருந்தே அந்தப் பாடு. மிச்சமாகும் 2,500ஐ நினைத்து அதையும் விட்டுவிடாதீர்கள்.

வீடியோவுக்கு வருவோம். சின்ன ட்ரைபாட்டோடு வருவது பெரும்பாலும் பால் ஹெட். போட்டோவுக்கு அது போதும். வீடியோவில் கேமராவை நிலையாக நிறுத்தி எடுக்கவும் போதும். மலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாகத் திருப்பி எடுக்க ஆசைப்பட்டால்தான் சிக்கல். அதற்கென்றே சீராகத் திரும்பும் "ஃப்ளூயிட் ஹெட்" என்று கைப்பிடி வைத்து விற்பதில் பாதி வெறும் கிரீஸ் தடவிய தலை. கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டை மாட்டி, பேண்டைப் பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். நல்ல தலை சத்தமில்லாமல் கிளம்பும். மற்றது பேண்டு நீளும் வரை அசையாமல் நின்றுவிட்டு, வெடுக்கென்று ஒரு தாவு தாவும். அந்தத் தாவல் வீடியோவில் அப்படியே விழும். இரண்டு வேலைக்கும் ஒரே தலை வேண்டும் என்று அலையாதீர்கள். பால் ஹெட் வாங்குங்கள், திருப்பும் ஷாட்டை விட்டுவிடுங்கள். கேமராவின் அடியில் திருகித் தலையில் மாட்டுகிற தட்டு மட்டும் பல கம்பெனிகளுக்கும் பொதுவான ஆர்க்கா-ஸ்விஸ் மாதிரி, சுமார் 38 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கட்டும். கம்பெனிக்கென்றே தனித்தட்டு வாங்கினால், அது தொலைந்த அன்றைக்கு ட்ரைபாட்டும் தொலைந்த மாதிரி. பறவை எடுக்கப் பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதில் எதுவும் பொருந்தாது, அவர்கள் கணக்கே வேறு.

கால்களை நீட்டும்போது மேலே இருக்கிற தடித்த துண்டிலிருந்து நீட்டுங்கள், மெலிந்த கடைசித் துண்டை முடிந்தவரை உள்ளேயே வைத்திருங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, நீங்கள் போகிற இடத்துக்கு அது கட்டாயம் தேவைப்படும்: மணலும் உப்புத் தண்ணீரும். நுப்ராவில் ஹுண்டர் மணல்மேட்டுக்கு நிச்சயம் போவீர்கள். பாங்காங் ஏரித் தண்ணீர் உப்பு கலந்தது, கரையில் ட்ரைபாட்டின் கால்களை நனைத்து வைத்து எடுத்தால்தான் படம் நன்றாக வரும் என்று உங்களுக்கே தோன்றும். அங்கெல்லாம் கடைசித் துண்டை முதலில் முழுசாக நீட்டிவிடுங்கள். ஏனென்றால் ஒவ்வொரு துண்டும் சேருகிற இடத்தில்தான் அதை இறுக்கிப் பிடிக்கும் லாக் இருக்கிறது. கடைசித் துண்டு உள்ளே இருந்தால் லாக் தரையை ஒட்டி நிற்கும், மணலுக்குள்ளேயே புதையும். நீட்டிவிட்டால் லாக் முழங்கால் உயரத்துக்கு ஏறிவிடும், மணலில் நிற்பது வெறும் குழாய். ஆட்டம் கொஞ்சம் கூடும், பரவாயில்லை. தனுஷ்கோடி போய் வந்த ட்ரைபாட் ஒன்றைப் பிரித்தபோது திருகு லாக்குக்குள் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பட்டைகளும் மணல் ஒட்டி உப்புக்காகிதம் மாதிரி ஆகியிருந்தன. குழாய் பூராவும் கீறல். கொண்டுவந்தவர், இறுக்கமாக இருக்கிறதே என்று அதில் தேங்காய் எண்ணெய் வேறு விட்டிருந்தார்! எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அங்கேயே, கால்களை மடக்குவதற்கு முன் ஈரத்துணியால் குழாயைத் துடைத்துவிட வேண்டும். மடக்கிவிட்டுத் துடைத்தால் மணல் ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். ஊருக்கு வந்ததும் லாக்கைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து மாட்டுங்கள். எந்தப் பட்டை எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும்போதே போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் கைப்பையோடு ட்ரைபாட் போகுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள். சோதனை மேஜையில் அன்றைக்கு நிற்பவர் வைத்ததுதான் சட்டம். எனக்கே போகும்போது விட்டார்கள், வரும்போது வேறொரு விமான நிலையத்தில் நிறுத்தினார்கள். அதே ட்ரைபாட், அதே பை. வாதாடிப் பிரயோஜனமில்லை, துணிகளுக்கு நடுவில் சுற்றிப் பெரிய பெட்டியிலேயே போட்டுவிடுங்கள். லே அரண்மனை தொல்லியல் துறையின் கையில் இருக்கிறது, அங்கே ட்ரைபாட் வைக்க முன் அனுமதி கேட்பார்கள். போனைத் தூக்கிப் பிடித்து மணிக்கணக்காக எடுப்பவரை யாரும் ஏனென்று கேட்பதில்லை, மூன்று காலைப் பார்த்தால் மட்டும் நீங்கள் சினிமாக் கம்பெனி ஆகிவிடுகிறீர்கள். அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஹன்லேயில் காற்று அடித்தால் ட்ரைபாட்டை இடுப்புக்குக் கீழே இறக்கி, கால்களை அகட்டி வையுங்கள். நடுக்கம்பியின் அடியில் இருக்கும் கொக்கியில் பையை மாட்டலாம், ஆனால் பை அந்தரத்தில் ஊஞ்சலாடக் கூடாது, பாதி தரையைத் தொட்டபடி இருக்க வேண்டும். கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள், அது காற்றில் படபடத்தே பாதிப் படத்தைக் கெடுக்கும். இரண்டு வினாடி டைமர் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

பெட்டியோடு வரும், ஸ்க்ரூ முடுக்குகிற சின்ன ஆலன் கீயைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜீப்பில் இரண்டு நாள் குலுங்கினால் கால்மூட்டு ஸ்க்ரூ தளர்ந்துவிடும், ஹன்லேயில் போய் ஹார்டுவேர் கடை தேட முடியாது. அதையும் ட்ரைபாட்டோடு பெரிய பெட்டியிலேயே போடுங்கள். கைப்பையில் இருந்தால் ஆயுதம் என்று வாங்கி வைத்துக்கொள்ளக்கூடும்.