சொல்வதெழுதுதல் ஏட்டில் எதைப் பார்க்க வேண்டும்? (கேள்வி பதில்)

கோத்தகிரி வட்டாரத்துத் தொடக்கப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை நான். வாசிப்பையும் எழுத்துப்பிழையையும் பற்றி நீலகிரி மலையின் பல பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கேள்வி (மஞ்சூரிலிருந்து நான்காம் வகுப்பு ஆசிரியை): சொல்வதெழுதுதலில் பாதி வகுப்பு இருபதுக்கு எட்டு, ஒன்பதைத் தாண்டுவதில்லை, அம்மா. பிழையான சொல்லைப் பத்து முறை எழுத வைத்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: மதிப்பெண்ணைச் சற்று ஒதுக்கிவிட்டு ஏட்டைப் பாருங்கள். 'பள்ளிக்கூடத்திற்குப் பின்னால் பெரிய மரம் இருக்கிறது' என்று நீங்கள் சொல்கிறீர்கள். ஒரு சிறுமி 'பல்லிக்கூடத்திற்கு பின்னால் பெறிய மறம் இருக்கிரது' என்று எழுதுகிறாள். பக்கத்தில் இருப்பவன் 'பள்ளிக்குடத்திற்கு பினால் பெரிய மராம் இருகிறது' என்று எழுதுகிறான். ஐந்து சொற்களில் இருவருக்கும் நான்கு பிழை, ஆகவே இருவருக்கும் ஒரே மதிப்பெண். ஆனால் சிறுமியின் காதில் குறையே இல்லை. குறிலும் நெடிலும் ஒற்றும் அவளுக்குச் சரியாகவே விழுந்திருக்கின்றன. நம் பேச்சில் ஏறக்குறைய ஒன்றாகிவிட்ட ர, ற ஒலிகளுக்கும் ல, ள ஒலிகளுக்கும் எந்த எழுத்தை இடுவது என்பதில்தான் அவள் தடுமாறுகிறாள். பையனுக்கோ எழுத்துகள் தெரிந்திருக்கின்றன, ஓசையின் நீளமும் அழுத்தமும் பிடிபடவில்லை. அவனுக்கு எழுத்து வேலை தருவதற்கு முன்பு 'படம், பாடம், பட்டம்' என்று கைதட்டிச் சொல்லிப் பிரித்துக் கேட்கும் பயிற்சியைத் தர வேண்டும். இருவரும் 'திற்குப்' என்பதன் ஈற்றில் ப் எழுதவில்லை. அதை நான் இந்த வயதில் பிழையாக எண்ணுவதே இல்லை, வல்லினம் மிகும் இடம் பெரியவர்களையே திணறடிக்கிறது.

ஆகவே ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டு, குறில் நெடில், ஒற்று, மயங்கொலி, விடுபட்ட எழுத்து என்று தலைப்பிட்டு, எந்தக் கட்டத்தில் எந்தப் பிள்ளையின் பெயர் திரும்பத் திரும்ப விழுகிறது என்று இரண்டு வாரம் குறித்துப் பாருங்கள். பத்து முறை எழுத வைப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அப்படி எழுதிய ஏடுகளைப் பல ஆண்டுகள் திருத்தியிருக்கிறேன். முதல் மூன்று வரி சரியாக இருக்கும், நான்காவதில் ஒரு கொம்போ சுழியோ மாறும், பிறகு கீழ்வரை அந்தப் பிழையே வழிவழியாக இறங்கும், ஏனெனில் பிள்ளை மேலே உள்ள சொந்த வரியைப் பார்த்துத்தான் எழுதுகிறது. சொல்லைப் பார்க்கட்டும், மூடட்டும், நினைவிலிருந்து எழுதட்டும், திறந்து தானே ஒப்பிடட்டும். மூன்று முறை போதும். வாரத்துக்கு ஆறேழு சொற்களுக்கு மேல் வேண்டாம்.

கேள்வி (அரவேனு, ஒரு தாய்): ந, ன, ண மூன்றையும் என் மகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: பழைய பெயர்களைச் சொல்லிக்கொடுங்கள்: டண்ணகரம், தந்நகரம், றன்னகரம். விதி பெயருக்குள்ளேயே இருக்கிறது. ஒரு சொல்லுக்குள் ட வுக்கு முன் ண், த வுக்கு முன் ந், ற வுக்கு முன் ன்: வண்டி, பந்து, கன்று. இந்த ஒன்றைப் பிடித்தாலே பிழைகளில் பெரும்பகுதி விழுந்துவிடும். ர, ற வுக்கு அவ்வளவு எளிய வழி இல்லை. ர இரட்டிக்காது, ற இரட்டிக்கும் (காற்று), சொல்லின் தொடக்கத்தில் ற வராது, மற்றதெல்லாம் பழக்கம்தான். 'அரை, அறை', 'கரி, கறி' போன்ற இணைகளைப் பொருளோடு சேர்த்துக் காட்டுங்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு நான் 'கொழுந்து பறித்தார்கள்' என்ற தொடரைத்தான் முதலில் எழுத வைப்பேன். ழ, ந்த, ற மூன்றும் அவர்கள் வீட்டுச் சொற்களிலேயே கிடைத்துவிடுகின்றன.

கேள்வி (கோத்தகிரி அருகே ஓர் அட்டியிலிருந்து, அதாவது படுகர் சிற்றூரிலிருந்து, ஒரு தந்தை): வீட்டில் படுக மொழிதான் பேசுகிறோம். பையன் தமிழில் பின்தங்குவது அதனாலா? வீட்டிலும் தமிழுக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம், ஐயா. தமிழில் 'பால்' என்பது உங்கள் வீட்டில் 'ஹாலு', 'பல்' என்பது 'ஹல்லு'. இந்த ப, ஹ உறவைப் பையனிடம் ஒரு விளையாட்டாகச் சொல்லிப் பாருங்கள், தானே அடுத்த இணையைத் தேடுவான். ஒரு மொழியில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இன்னொரு மொழியில் வாசிப்பது எளிதாகிறது. ஆசிரியர் கவனிக்க வேண்டியது வேறு: அவன் ஒரு சொல்லைத் தவறாக எழுதும்போது அது எழுத்துப்பிழையா, அல்லது அந்தத் தமிழ்ச்சொல்லையே அவன் இதுவரை கேட்டதில்லையா? கூடலூர்ப் பக்கம் பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளைகளுக்கும் மலையாளம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்த பிறகுதான் சிவப்பு மையைத் தொட வேண்டும்.

கேள்வி (குன்னூர், இளம் ஆசிரியர்): வாசிப்பை நிமிடத்துக்கு இத்தனை சொல் என்று அளப்பது சரியா?

பதில்: துணைக்கருவியாகச் சரி. 2021இல் வந்த நிபுண் பாரத் என்ற நடுவண் அரசின் அடிப்படைக் கல்வித் திட்டம் மூன்றாம் வகுப்பின் முடிவில் நிமிடத்துக்கு 60 சொற்களைப் பொருள் உணர்ந்து வாசிப்பதை இலக்காக வைத்தது. ஆனால் 'வந்துகொண்டிருந்தபோது' என்பதும் ஒரு சொல், 'வா' என்பதும் ஒரு சொல். எனவே பனுவல் மாறினால் எண்ணும் மாறும். பாடநூலில் மட்டும் சோதிக்காதீர்கள். என் வகுப்பில் ஒரு சிறுவன் பாடத்தைத் தங்குதடையின்றி வாசித்துக்கொண்டிருந்தான். காற்றில் பக்கம் புரண்டது, அவன் குரல் மட்டும் பழைய பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பிள்ளைகள் பார்த்திராத நாலு வரியை நானே எழுதி எடுத்துப் போவேன், வாசித்து முடித்ததும் இரண்டு கேள்வி கேட்பேன்.

கேள்வி (ஊட்டி, ஒரு தாய்): தமிழக அரசின் 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கற்றல் திட்ட வகுப்பில் என் மகன் 'அரும்பு' நிலையில் இருக்கிறான். வெட்கமாக இருக்கிறது.

பதில்: அரும்பு, மொட்டு, மலர் மூன்றும் இன்றைக்குப் பிள்ளை எங்கே நிற்கிறது என்று காட்டும் குழுக்களே, அவன் நகர்வதற்காகத்தான் அவை. இரண்டு மாதமாக நகரவில்லை என்றால் ஆசிரியரிடம் எந்த எழுத்தில் நிற்கிறான் என்று கேளுங்கள்.

கேள்வி (கூடலூர், தலைமையாசிரியர்): எவ்வளவு பயிற்சி தந்தும் எழுத்தே பதியாத பிள்ளையை என்ன செய்வது?

பதில்: முதலில் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் சோதிக்கச் சொல்லுங்கள். மூடுபனி நாட்களில் அரையிருட்டு வகுப்பறையின் கடைசி வரிசையிலிருந்து கரும்பலகை எந்த அளவுக்குத் தெரிகிறது என்று நீங்களும் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். இரண்டிலும் குறை இல்லையென்றால் வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரிடம் கொண்டு செல்லுங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது. போகும்போது மதிப்பெண் பட்டியலை விட்டுவிட்டு, அந்தப் பிள்ளையின் சொல்வதெழுதுதல் ஏட்டை எடுத்துப் போங்கள்.